மனித டாக்டரா? மாட்டு டாக்டரா?

உப்பளத்துப் படிப்பகத்தில் மாலை ஆறு மணிக்குமேல் கூட்டம் சேரும். சுமை தூக்கும் தோழர் வருவார். ஆட்டோ ஓட்டும் தோழர் வருவார். பெரியவர்கள் இன்றும் ரோடியர் மில் என்றே சொல்லும் ஏ.எப்.டி. மில் 2020-இல் கதவடைத்தபின் இரவுக் காவலுக்குப் போய்விட்ட பழைய நெசவுத் தொழிலாளி வருவார். பத்திரிகை நாலு, கைகள் நாற்பது. படிப்பதைவிட வாதாடுவது அதிகம். அந்த வாதங்களைக் கேட்பதற்காகவே நாமும் போய் உட்காருவது வழக்கம்.

அங்கே ஒருநாள் நமது தோழர் ஒருவர் கையில் காகிதத்தோடு வந்தார். அவருடைய மகள் பன்னிரண்டாம் வகுப்பு தேறியவள். குருமாம்பேட் கால்நடை மருத்துவக் கல்லூரியில் அவளுக்கு இடம் கிடைத்திருக்கிறது. சேருவதற்கு இன்னும் மூன்றே நாள். மனித மருத்துவத்துக்கான சர்க்கார் இடம் எட்டவில்லை. ஆனால் தனியார் கல்லூரி ஒன்றில் நிர்வாக இடம் வாங்கித் தருவதாகச் சொல்லி ஒரு தரகர் இரண்டு முறை வீட்டுக்கு வந்து போயிருக்கிறார்.

"அண்ணே, வீட்டை வித்துடலாமான்னு பாக்கறேன்" என்றார் தோழர். "நமக்குன்னு இருக்கிறது அது ஒண்ணுதான். இருந்தாலும், டாக்டரோட அப்பான்னு சொல்றதுக்கும் மாட்டு டாக்டரோட அப்பான்னு சொல்றதுக்கும் வித்தியாசம் இருக்குதில்ல?"

யாரோ சிரித்தார். அதைக் கேட்டு இன்னும் இரண்டு பேர் சிரித்தார்கள். தோழர் தலையைக் குனிந்துகொண்டார்.

அந்தச் சிரிப்பைப் பற்றித்தான் இன்று எழுதுகிறோம். ஓர் உழைப்பாளியின் வீட்டை விற்கவைக்கும் வலிமை ஒரு சிரிப்புக்கு இருக்குமானால், அது எங்கே பிறந்தது என்று விசாரிப்பது நமது கடமை அல்லவா?

சிரிப்பு பிறந்த இடம்

"ஒழுங்காய்ப் படிக்காவிட்டால் மாடு மேய்க்கத்தான் போவாய்!" இந்த வசனத்தைக் கேட்காமல் தமிழ்நாட்டிலோ புதுவையிலோ பள்ளிக்கூடம் தாண்டியவர் யார்? வாத்தியாருக்கு அது வெறும் அதட்டல். மாடு மேய்க்கும் வீட்டிலிருந்து வந்த பிள்ளைக்கோ, தன் தகப்பன் இழிந்தவன் என்ற பாடம். முதல் வகுப்பிலேயே கற்றுக்கொடுத்துவிடுகிறார்கள்: மாட்டோடு இருப்பவன் தாழ்ந்தவன், சாணத்தைத் தொடுபவன் தாழ்ந்தவன், செத்த மாட்டை அப்புறப்படுத்துபவன் அனைவருக்கும் தாழ்ந்தவன்!

தை மாதம் வந்தால் அதே மாட்டுக்குக் கொம்பிலே வண்ணம், கழுத்திலே மாலை, வாயிலே பொங்கல். தமிழிலே மாடு என்ற சொல்லுக்குச் செல்வம் என்றே ஒரு பொருள் உண்டு. செல்வத்துக்கு மாலை போடுவார்களாம். அந்தச் செல்வத்தின் உயிரைக் காப்பவனைப் பார்த்து மட்டும் சிரிப்பார்களாம்! இது என்ன நியாயம்?

மனித வைத்தியத்துக்கு இன்று இருக்கும் மதிப்பாவது ஆதியிலிருந்து வந்ததா என்றால், அதுவும் இல்லை. வைத்தியன் கொடுக்கும் உணவு உண்ணத் தகாதது என்று விதித்தது மனு. காரணம், அவன் நோயாளியைத் தொடுகிறான், புண்ணைத் தொடுகிறான், சீழைத் தொடுகிறான். 1836-ஆம் ஆண்டில் கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் மதுசூதன் குப்தா என்பவர் மனிதப் பிணத்தை அறுத்துப் பாடம் கற்பிக்க முன்வந்தபோது, அது ஒரு பெரும் புரட்சியாகவே பேசப்பட்டது. பிணத்தைத் தொடுவது தீட்டு என்று நம்பிய சமுதாயத்தில் அவர் கத்தியை எடுத்தார். அன்று தீட்டு என்ற தொழில்தான் இன்று மாப்பிள்ளைச் சந்தையில் முதல் விலைக்குப் போகிறது!

ஆகவே தோழர்களே, தொழில்களின் மேல் கீழ் என்பது இயற்கை போட்ட கோடு அல்ல. மனிதன் போட்ட கோடு. மனிதன் அழித்துவிடக்கூடிய கோடு.

ஒரே ஊரில் இரண்டு வாசல்

நமது புதுவையில் இந்தக் கோட்டைக் கண்ணாலேயே பார்க்கலாம். 1823-ஆம் ஆண்டிலேயே பிரெஞ்சுக்காரர் இங்கே ஒரு மருத்துவப் பள்ளியைத் திறந்தனர். ஆட்சி கைமாறிய பிறகு, 1956-இல் அது தன்வந்தரி மருத்துவக் கல்லூரியாயிற்று. 1964-இல் ஜிப்மர் ஆயிற்று. 2008-இல் நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்றி அதைத் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிலையமாக்கியது. இன்று கோரிமேட்டு வாசலில் விடியுமுன்னே வந்து நிற்கும் கூட்டத்தில் விழுப்புரத்தார் உண்டு, கடலூரார் உண்டு, திருவண்ணாமலையார் உண்டு. ஏழையின் கடைசி நம்பிக்கை அந்த வாசல்.

கால்நடை மருத்துவக் கல்லூரியோ நமது ஊருக்கு 1994-இல்தான் வந்தது. 1823 எங்கே, 1994 எங்கே! மனித மருத்துவப் பள்ளிக்கும் மாட்டு மருத்துவக் கல்லூரிக்கும் நடுவே 171 ஆண்டு.

இதிலே ஒரு வேடிக்கையும் உண்டு. உலகத்திலேயே முதல் கால்நடை மருத்துவப் பள்ளியை நிறுவியவர்கள் பிரெஞ்சுக்காரர்களே. கிளாட் பூர்ஷலா என்பவர் 1761-இல் லியோன் நகரத்தில் அதற்கான அனுமதி பெற்று, அடுத்த ஆண்டே நடத்தத் தொடங்கினார். பிரான்சிலே மாடுகள் கொள்ளை நோயில் கூட்டங்கூட்டமாய் மடிந்துகொண்டிருந்த காலம் அது. உழவன் ஓடிந்தால் வரி ஏது, வரி இல்லாவிட்டால் அரசன் ஏது? அது தெரிந்துதான் மன்னர் அரசாங்கமும் பணம் கொடுத்தது. தன் நாட்டு மாட்டின் அருமை தெரிந்த பிரெஞ்சு ஏகாதிபத்தியத்துக்கு, நம் நாட்டு மாட்டின் அருமை தெரியாமற் போனது ஏன் என்பதை நாம் விளக்க வேண்டியதில்லை.

சுவர் எங்கே இருக்கிறது?

"இருந்தாலும் மனிதன் மனிதன்தானே, மாடு மாடுதானே? மனித உயிரைக் காப்பது பெரிதில்லையா?" என்று கேட்பார்கள். நல்ல கேள்வி. பதில் சொல்வோம்.

பி.சி.ஜி. ஊசி நம் எல்லோருக்கும் தெரியும். நமது குழந்தைகளின் இடது தோளிலே சிறு தழும்பாய் நிற்பது அதுதான். காசநோய்க்கு எதிராகக் குழந்தை பிறந்தவுடன் போடும் ஊசி. அந்த மூன்று எழுத்தில் இரண்டு எழுத்து இரண்டு மனிதர்களின் பெயர். ஒருவர் கால்மெட், இன்னொருவர் கெரான். கால்மெட் மனித டாக்டர். நம் புதுவைக்காரர்கள் உத்தியோகம் தேடிக் கப்பலேறிய அதே சைகோனில், 1891-இல் பாஸ்டர் நிலையத்தை அமைத்தவர் அவர். கெரான் யார் தெரியுமா? மாட்டு டாக்டர்! இருவரும் பிரான்சில் லீல் நகரத்து ஆய்வுக்கூடத்தில் சேர்ந்து, மாட்டைப் பிடிக்கும் காசநோய்க் கிருமியை எடுத்து, பதின்மூன்று ஆண்டுகள் திரும்பத் திரும்ப வளர்த்து, அதன் நஞ்சை அடக்கினார்கள். 1921-இல் அது முதன்முதலாக ஒரு குழந்தைக்குக் கொடுக்கப்பட்டது. நம் நாட்டில் அந்த மருந்தைத் தயாரிக்க 1948-இல் சென்னை கிண்டியில் ஆய்வுக்கூடம் அமைந்தது. மாட்டு டாக்டரைப் பார்த்துச் சிரித்த தோழரும் தம் சட்டைக் கையைச் சுருட்டிப் பார்க்கட்டும். கெரானின் கையெழுத்து அவர் தோளிலேயே இருக்கக்கூடும்!

தடுப்பு மருந்துக்கு உலகம் வைத்த பெயரே மாட்டிலிருந்து வந்ததுதான். பெரியம்மையைத் தடுக்க 1796-இல் ஜென்னர் என்ற ஆங்கிலேய டாக்டர் கையாண்டது மாட்டம்மைப் பால். இலத்தீன் மொழியில் பசுவுக்கு உள்ள பெயரிலிருந்து 'வாக்சின்' என்ற சொல் பிறந்தது. புதுவையில் பிரெஞ்சு படித்த பெரியவர்களைக் கேளுங்கள். பசுவுக்கு அவர்கள் சொல்லும் 'வாஷ்' என்ற சொல்லும் அதே குடும்பம்தான்.

பெரியம்மை ஒழிந்தது என்று 1980-இல் உலகம் அறிவித்தது. மனிதகுலம் பூண்டோடு ஒழித்த முதல் நோய் அது. இரண்டாவது நோய் எது? பலருக்குத் தெரியாது. அது மாடுகளைக் கொன்ற வெக்கை நோய். 1880-களின் இறுதியில் அது ஆப்பிரிக்காவில் புகுந்தபோது மாடுகள் மடிந்தன, ஏர் நின்றது, எத்தியோப்பியாவில் மக்கள் பட்டினியால் மாண்டார்கள். நம் நாட்டிலும் கிராமம் கிராமமாகத் தொழுவங்களைக் காலி செய்த நோய் அது. 1920-களில் இமயமலைப் பகுதியில் உள்ள முக்தேஸ்வர் ஆய்வுக்கூடத்தில் அதற்குத் தடுப்பு மருந்து கண்டார்கள். பிறகு பல்லாண்டுகள் ஊர் ஊராய் நடந்து, பட்டி பட்டியாய் ஊசி போட்டார்கள். இந்தியா வெக்கை நோய் இல்லாத நாடு என 2006-இல் அறிவிக்கப்பட்டது. 2011-இல் உலகம் முழுவதுமே விடுபட்டது. மாடு பிழைத்ததால் பிழைத்த மனிதர்கள் எத்தனை கோடி! எந்த ஆஸ்பத்திரியின் கணக்கிலும் அவர்கள் பெயர் இல்லை. அவர்கள் நோயாளி ஆகவே இல்லையே!

இன்னொன்று சொல்வோம். வெறிநாய் கடித்து நோய் முற்றிவிட்டால், உலகத்தின் எந்தப் பெரிய ஆஸ்பத்திரியாலும் உயிரை மீட்பது அரிது. கடித்தவுடன் ஊசி போட்டால் பிழைக்கலாம். கடிக்குமுன்பே நாய்க்கு ஊசி போட்டுவிட்டால், நோய்க்கே வழி இல்லை. மனிதருக்கு வரும் வெறிநோயில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது நாயின் வழியாக வருவது. அப்படியானால் அந்த நோயில் மனித உயிரைக் காப்பதில் முன்வரிசையில் நிற்பவர் யார்?

மலேசியாவில் 1998-99-இல் நடந்ததையும் மறக்கவேண்டாம். பன்றிப் பண்ணைத் தொழிலாளர்கள் காய்ச்சலில் மாண்டார்கள். கொசுவால் வரும் மூளைக்காய்ச்சல் என்று எண்ணிக் கொசுவை ஒழிக்கப் புறப்பட்டார்கள். பிறகுதான் தெரிந்தது, நோய் பன்றியிடமிருந்து வருகிறது என்று. அதற்குள் நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டுவிட்டனர். பத்து லட்சம் பன்றிகளைக் கொல்ல வேண்டியதாயிற்று. நிபா என்று நாம் இன்று அறியும் நோய் அது. 2018-இல் கேரளத்துக்கும் வந்தது. முதலில் மாண்டவர்கள் பண்ணை முதலாளிகளா? இல்லை. பன்றியோடு பன்றியாய் உழைத்தவர்கள்தாம் பெரும்பாலோர்.

மனித மருத்துவத்துக்கும் கால்நடை மருத்துவத்துக்கும் நடுவே சுவர் இருப்பதாக நோய்க்குத் தெரியாது. நமக்குத்தான் தெரிகிறது!

படிப்பிலே எது எளிது?

"மார்க் குறைந்தவன் படிக்கும் படிப்பு" என்ற பேச்சும் உண்டு. இரண்டும் நாலரை ஆண்டுப் படிப்பு, ஓராண்டுப் பயிற்சி. இரண்டிலும் உடற்கூறு உண்டு, மருந்தியல் உண்டு, அறுவை உண்டு. மனித டாக்டர் ஓர் உடலைப் படிக்கிறார். கால்நடை டாக்டரோ நாலு அறை வயிறுள்ள மாட்டையும் படிக்கவேண்டும், ஓரறை வயிறுள்ள குதிரையையும் படிக்கவேண்டும், நாயையும் கோழியையும் பன்றியையும் படிக்கவேண்டும். அவருடைய நோயாளி "இங்கே வலிக்கிறது, டாக்டர்" என்று சொல்லாது. உதைக்கும்! வாயில்லா ஜீவனின் வலியைக் கண்ணாலும் கையாலும் படித்தறியும் வித்தை எளிதென்று சொல்பவர், ஒரே ஒரு இரவு ஒரு தொழுவத்தில் நின்று பார்க்கட்டும். பீட்டர் டோஹெர்ட்டி என்ற ஆஸ்திரேலியர் படித்தது கால்நடை மருத்துவம்தான். 1996-இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. மார்க் குறைந்த படிப்பு அவரைத் தடுக்கவில்லை.

சம்பளமா? தமிழ்நாடு அரசின் 2017 ஊதிய விகிதத்தில் ஆஸ்பத்திரி உதவி மருத்துவருக்கும் கால்நடை உதவி மருத்துவருக்கும் ஆரம்பச் சம்பளம் ஒன்றே, மாதம் 56,100 ரூபாய். சர்க்கார் சமம் என்று ஒப்புக்கொண்டதை, நம் தெருவாசிகள் ஒப்புக்கொள்ள மாட்டேன் என்கிறார்கள்.

கசப்பையும் சொல்வோம்

ஒருபக்க நியாயம் பேசி யாரையும் ஏமாற்றுவது நமது வழக்கமல்ல. கால்நடை மருத்துவத்தில் உள்ள கசப்பையும் சொல்லிவிடுவோம்.

சர்க்கார் வேலை எல்லோருக்கும் கிடைத்துவிடாது. பதவி காலியாய்க் கிடக்கும், நிரப்பமாட்டார்கள். நிரப்பினாலும் ஒப்பந்தக் கூலி என்பார்கள். பட்டணத்தில் தனியாக ஆஸ்பத்திரி வைத்தால் பணக்காரர் வீட்டு நாய்தான் வருமானம். கிராமத்திலோ, மாடு உண்டு, மாட்டுக்காரரிடம் காசு இராது. ஐம்பதாயிரம் ரூபாய் மாட்டுக்கு அறுபதாயிரம் ரூபாய் வைத்தியம் செய்ய முடியுமா? மனித டாக்டர் உயிரை மட்டும் பார்த்தால் போதும். கால்நடை டாக்டர் உயிரையும் பார்க்கவேண்டும், உடையவரின் மடியையும் பார்க்கவேண்டும். வேலை உடம்பை முறிக்கும். மழையென்றும் இருட்டென்றும் பாராமல் போகவேண்டும்.

மனித மருத்துவம் மட்டும் ரோஜாப் படுக்கையா? எம்.பி.பி.எஸ். முடித்ததும் வேலை முடிந்துவிடுவதில்லை. மேல்படிப்புக்கு இன்னொரு நீட், இன்னும் மூன்று ஆண்டு. சொந்தக் காலில் நிற்கும்போது வயது முப்பதைத் தொடும். நாள்கணக்கில் தூங்காமல் பணி செய்கிறார்கள் பயிற்சி டாக்டர்கள். 2024 ஆகஸ்டில் கொல்கத்தா ஆர்.ஜி.கர் ஆஸ்பத்திரியில் இரவுப் பணியில் இருந்த பயிற்சிப் பெண் டாக்டர் கொல்லப்பட்டபோது நாடே கொதித்தது. ஓய்ந்து படுக்க ஒரு பாதுகாப்பான அறைகூட இல்லாத நிலை அன்று வெளிச்சத்துக்கு வந்தது. வெள்ளைக் கோட்டுக்குள்ளும் உழைப்பாளிதான் இருக்கிறார் என்பதை நாம் அறியவேண்டும்.

அதே சமயம், மனித மருத்துவத்தில் நிபுணராகிவிட்டால் வருமானம் பலமடங்கு என்பதும், மதிப்பு அதிகம் என்பதும் உண்மை. அதை மறைக்கவில்லை. கேள்வி, அதற்காக எந்த விலை கொடுப்பது என்பதுதான்.

கதவைப் பூட்டியது யார்?

தோழரின் மகள் ஏன் இந்த இக்கட்டில் மாட்டிக்கொண்டாள்? அவள் படிக்காதவளா? 2024-இல் நாடு முழுவதும் நீட் எழுதியவர்கள் 23 லட்சத்துக்கு மேல். எம்.பி.பி.எஸ். இடங்களோ ஒரு லட்சத்துச் சொச்சம். அதிலும் ஏறத்தாழ பாதி தனியாரிடம். அதாவது, பாதிக் கதவுக்குச் சாவி அறிவு; மீதிக் கதவுக்குச் சாவி பணம். அந்த ஆண்டே கேள்வித்தாள் வெளியான ஊழல் உச்ச நீதிமன்றம் வரை போனது. பயிற்சி நிலையத்துக்கு லட்சக்கணக்கில் கட்டியவன் பிள்ளையும், ரேஷன் அரிசியில் வளர்ந்தவன் பிள்ளையும் ஒரே தாளை எழுதுகிறார்கள். ஆகவே சமத்துவம் என்கிறார்கள். ஒருவனுக்குக் குதிரை, ஒருவனுக்கு வெறுங்கால். பந்தயம் மட்டும் ஒன்று!

அரியலூர் மாவட்டத்துச் சுமைத் தொழிலாளியின் மகள் அனிதா, பன்னிரண்டாம் வகுப்பில் 1200-க்கு 1176 வாங்கியவர். நீட் அவருக்குக் கதவை அடைத்தது. 2017 செப்டம்பர் முதல் நாள் அவரை இழந்தோம். அந்தத் துயரத்திலிருந்து நாம் கற்கவேண்டியது இரண்டு. கதவைப் பூட்டியவர்களோடு போராடவேண்டும் என்பது ஒன்று. எந்த ஒரு கல்லூரி இடமும் நம் பிள்ளையின் உயிரைவிடப் பெரிதல்ல என்று அந்தப் பிள்ளையின் காதில் நாளும் சொல்லவேண்டும் என்பது இன்னொன்று. முதலாவதை மேடையில் சொல்கிறோம். இரண்டாவதை வீட்டில் சொல்கிறோமா?

போராட்டம் வீண்போகவில்லை என்பதும் நினைவிருக்கட்டும். அரசுப் பள்ளி மாணவருக்கு மருத்துவத்தில் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு 2020-இல் தமிழ்நாட்டில் சட்டமாயிற்று. 2021-இல் கால்நடை மருத்துவம், வேளாண்மை, பொறியியல் ஆகியவற்றுக்கும் அது விரிந்தது. நம் புதுவையிலும் 2023-இல் அரசுப் பள்ளி மாணவருக்கு மருத்துவத்தில் 10 விழுக்காடு வந்தது. தமிழ்நாட்டில் கால்நடை மருத்துவத்தின் மாநில இடங்கள் நீட் இல்லாமல் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணை வைத்தே நிரப்பப்படுகின்றன. அந்தப் பிள்ளைகள் டாக்டராகாமல் போய்விட்டார்களா? மாடு பிழைக்காமல் போய்விட்டதா?

கதவைத் திறந்தால் மட்டும் போதாது. உள்ளே போனவருக்கு வேலையும் வேண்டும். 2019 கால்நடைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் ஆடு, மாடு, எருமை முதலியன 53 கோடிக்கு மேல். கோழியினம் 85 கோடிக்கு மேல். ஐயாயிரம் கால்நடைக்கு ஒரு மருத்துவராவது வேண்டும் என்று தேசிய வேளாண்மைக் கமிஷன் 1976-இலேயே சொல்லிவிட்டது. 2022-இல் தோல் கழலை நோய் பரவியபோது லட்சத்துக்கு மேற்பட்ட மாடுகள் மடிந்ததே, அந்த ஒவ்வொரு மாடும் ஒரு குடும்பத்தின் மூலதனம். உலகிலேயே அதிகமாகப் பால் கறக்கும் நாடு என்று பெருமை பேசுகிறோம். காலையில் நாம் வாங்கும் பாண்லே பாக்கெட்டில் உள்ள 'லே' என்ற எழுத்து, பிரெஞ்சு மொழியில் பால். அந்தப் பாலுக்குப் பின்னால் ஒரு பெண் விடியுமுன் எழுந்து நிற்கிறாள். அவளுக்குப் பின்னால் கடன் தவணை நிற்கிறது. அவள் மாடு படுத்துவிட்டால் ஓடி வருவதற்கு ஒரு டாக்டர் நிற்கவேண்டாமா? காலிப் பதவிகளை நிரப்பு என்பது படித்தவரின் கோரிக்கை மட்டுமல்ல. மாடு வைத்திருக்கும் ஒவ்வொரு ஏழையின் கோரிக்கை.

மூன்று கேள்விகள்

அன்று படிப்பகத்தில் தோழருக்கு நாம் சொன்னதை இங்கும் சொல்கிறோம். இது அவருக்கு மட்டுமல்ல, இதே இக்கட்டில் நிற்கும் எல்லாப் பெற்றோருக்கும்.

முதல் கேள்வி: படிப்புக்காகக் கூரையை விற்கவேண்டியிருக்கிறதா? ஆமென்றால், அந்தப் படிப்பு வேண்டாம். தனியார் கல்லூரிக்கு ஒரு வருஷப் பணம் கட்டினால் முடிந்துவிடாது; ஆண்டுதோறும் பல லட்சம் கேட்கும். வீடு முதல் இரண்டு ஆண்டோடு கரைந்துவிடும். மூன்றாம் ஆண்டுக்கு எதை விற்பது? கடனில் டாக்டரானவர், கடனை அடைக்க ஏழையிடமே கைநீட்டுவார். தரகரிடம் கொடுத்த முன்பணம் திரும்பாத கதைகளும் ஏராளம்.

இரண்டாம் கேள்வி: மனித மருத்துவம்தான் என்று பிள்ளை உறுதியாக இருக்கிறதா, சர்க்கார் இடம் எட்டும் தூரத்தில் இருக்கிறதா? அப்படியானால் இன்னொரு ஆண்டு முயன்று பார்ப்பதில் தவறில்லை. ஆனால் ஓர் எல்லை வேண்டும். மூன்று, நாலு ஆண்டு என்று இளமையைப் பரீட்சை மண்டபத்திலேயே கழித்துவிட்டு, கையில் இருந்த இடத்தையும் விட்டுவிட்டு நிற்கும் பிள்ளைகளை நாம் அறிவோம்.

மூன்றாம் கேள்வி, மூன்றிலும் முக்கியமானது: படிக்கப் போகிறவரிடம் யாராவது கேட்டீர்களா?

தோழர் விழித்தார். தரகரைக் கேட்டிருக்கிறார், மைத்துனரைக் கேட்டிருக்கிறார், பக்கத்து வீட்டு வாத்தியாரைக் கேட்டிருக்கிறார், நம்மையும் கேட்டார். மகளைக் கேட்கவில்லை!

மறுநாள் மகளை அழைத்து வந்தார். அந்தப் பெண் தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "மாமா, எங்க பாட்டி ஒரு பசு வச்சிருந்தாங்க. ஒருநாள் ராத்திரி கன்னு போட முடியாம கஷ்டப்பட்டுச்சு. யாரும் வரல. விடியறதுக்குள்ள பசுவும் போச்சு, கன்னும் போச்சு. அப்புறம் பாட்டி மாடே வாங்கல. வாங்கக் காசும் இல்ல. எனக்கு அந்த காலேஜ்ல சேரணும். அப்பாவுக்குத்தான் வெட்கமா இருக்கும்னு சொல்லாம இருந்தேன்."

படிப்பகத்தில் அன்று யாரும் சிரிக்கவில்லை.

எட்டு மணி நேர வேலைக்காக 1936 ஜூலை 30-இல் துப்பாக்கிக்கு மார்பு காட்டி, பன்னிரண்டு பேரைப் பலிகொடுத்த தொழிலாளர்களின் ஊர் இது. உழைப்பில் உயர்வு தாழ்வு இல்லை என்று உலகத்துக்குச் சொன்ன ஊரில், ஒரு பெண் தனக்குப் பிடித்த படிப்பைச் சொல்லத் தகப்பனின் வெட்கத்துக்கு அஞ்சியிருக்கிறாள் என்றால், அந்த வெட்கம் அவருடையது மட்டுமல்ல. சிரித்த நம் எல்லோருடையதும்.

ஊழியர்களுக்கு நாம் சொல்வது இது. தேர்வு முடிவு வரும் நாளில் ஒவ்வொரு கிளைப் படிப்பகத்திலும் விவரம் தெரிந்த ஒரு தோழர் உட்காரட்டும். எந்தக் கல்லூரி, என்ன கட்டணம், எந்த ஒதுக்கீடு, எந்தத் தேதி என்று எழுதி ஒட்டட்டும். விண்ணப்பம் போடத் தெரியாத வீட்டுக்குப் போய்ப் போட்டுக்கொடுக்கட்டும். சர்க்கார் மருத்துவ இடங்களைப் பெருக்கு, கால்நடை மருத்துவர் பதவிகளை நிரப்பு, அரசுப் பள்ளிப் பிள்ளைக்குரிய பங்கை இரண்டு படிப்பிலும் கொடு என்று தெருவில் குரல் எழட்டும். தரகர் வந்தால் வாசலோடு அனுப்பட்டும்.

தோழர் வீட்டை விற்கவில்லை. மகள் குருமாம்பேட் கல்லூரியில் சேர்ந்துவிட்டாள். ஐந்தரை ஆண்டு கழித்து, நள்ளிரவில் ஒரு கிழவியின் தொழுவத்துக்கு அவள் டார்ச்சு விளக்கோடு போய் நிற்பாள். அன்று அந்தக் கிழவி, "மாட்டு டாக்டர் வந்திருக்கிறார்" என்றா சொல்வாள்? "டாக்டரம்மா வந்துட்டாங்க" என்றுதான் சொல்வாள்.

கிழவிக்குத் தெரிந்தது நமக்கும் தெரியட்டும்!